தாத்தாவின் கோட்ரஸ் நின்ற நிலம் யாருடையது?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் எப்படி இவ்வளவு கோபுரங்களும் வங்கிகளும் ஹோட்டல்களுமாக மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கேள்வியின் கடைசி மூன்று வரிகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாத்தா இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிகளுக்குத் தடம் மாற்றிவிடுபவர். அம்மா பிறந்தது அங்கே ஒரு கோட்ரசில், இரயில்வே தன் ஊழியருக்குக் கொடுத்த வீட்டில். நீங்கள் இன்று அங்கே எழுந்துள்ள கே.எல். சென்ட்ரல் இரயில் நிலைய வளாகத்தில் 20-ஆவது மாடியில் வேலை செய்கிறீர்கள். "நம்ம வீடு இருந்த இடத்துலதான் உன் ஆபீஸ் நிக்குது" என்று அம்மா சொல்கிறார். அந்த இடத்தை உங்கள் குடும்பத்திடமிருந்து யாராவது பிடுங்கிக்கொண்டார்களா, இப்போது கேட்டால் ஏதாவது கிடைக்குமா என்பதுதான் உங்கள் கேள்வி. சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் கண்ணில், பிடுங்குவதற்கு உங்கள் தாத்தாவின் கையில் ஒன்றுமே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதனால் இன்று கேட்டு வாங்கவும் வழியில்லை. வலிக்கிற பதில்தான். அது ஏன் அப்படி ஆனது என்று தெரிந்தால்தான் அந்த வட்டாரம் மாறிய கதையும் புரியும்.

நான் நில மதிப்பீட்டாளராக 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நெடுஞ்சாலைக்கும் இரயில் பாதைக்கும் நிலம் எடுக்கும்போது ஒரு வீட்டுக்கு என்ன தரலாம், ஒரு கடைக்கு என்ன தரலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வழக்கறிஞன் அல்ல. சட்டம் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்தக் கணக்குக்காகப் படித்ததும் நில விசாரணைகளில் உட்கார்ந்து கேட்டதும்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். நானும் கோட்ரசில் வளர்ந்தவன். அதனால் இந்த விஷயத்தில் நான் வெளியாள் இல்லை.

கதை ஆற்றிலிருந்து தொடங்குகிறது. கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸை ஒட்டி வளைந்து போகிறது. இன்று காங்கிரீட் சுவருக்குள் ஓடுவதால் பலருக்கு அங்கே ஆறு இருப்பதே தெரியாது. ஆனால் அந்த ஆறு ஆண்டாண்டாகக் கொண்டுவந்து போட்ட களிமண்தான் அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது. 1881-இல் கோலாலம்பூர் இரண்டு முறை அழிந்தது. ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். அத்தாப்பு ஓலைக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊர் அது. அடுத்து பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஸ்வெட்டன்ஹாம் துரை, இனிக் கட்டடமெல்லாம் செங்கல்லும் ஓடுமாகத்தான் இருக்கவேண்டும் என்று முனைந்தார். செங்கல்லுக்குக் களிமண் வேண்டும், சூளைக்குத் தண்ணீர் வேண்டும், ஏற்றிப்போக வழி வேண்டும். மூன்றும் அந்த ஆற்றோரத்தில் இருந்தன. சீனர் தலைவர் யாப் ஆ லோய் அங்கே சூளை போட்டார். இப்படித்தான் செங்கல் வயல், பிரிக்பீல்ட்ஸ் ஆனது.

ஆற்றோர நிலத்துக்கு இன்னொரு குணம் உண்டு, அது தட்டையாக இருக்கும். நீராவி இஞ்சினுக்கு மேடு ஏறுவது கஷ்டம். அதனால் பாதை போடுபவர்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கையே பிடித்துக்கொண்டு போவார்கள். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போன முதல் இரயில் பாதையும் அப்படித்தான் போட்டார்கள். பாதை வந்த பிறகு, சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்க அகலமான ஒரு யார்டு வேண்டியிருந்தது. செங்கல் வயலின் சமநிலம் அதற்குத் தோதாக அமைந்தது. யார்டு இருந்தால் பாயிண்ட்ஸ்மேன், ஷண்டர், கேங் ஆட்கள், கிராணி என்ற எழுத்தர், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். இராத்திரி இரண்டு மணிக்கு வண்டி வந்தால் உங்கள் தாத்தா போய்த் தடம் மாற்றிவிட வேண்டுமே! கோட்ரஸ் என்பது தர்மத்துக்குக் கொடுத்த வீடல்ல. அது வேலைக்கான கருவி, கையில் கொடுத்த விளக்கு மாதிரி, கொடி மாதிரி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அங்கே குடிவந்த மனிதர்கள் ஊரை உண்டாக்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் ஸ்டேஷன் மாஸ்டர்மாரும் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பினார்கள். சிங்களவர்கள் பௌத்த மகா விகாரை கட்டினார்கள். தமிழ் கிறிஸ்தவர்களுக்கு லூத்தரன், மெதடிஸ்ட் தேவாலயங்கள். தமிழ்நாட்டிலிருந்து பாதை போட வந்தவர்களுக்கு முனியாண்டியும் மாரியம்மனும். விவேகானந்தா ஆசிரமம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஒரு சதுர மைலுக்குள் இத்தனை கும்பிடும் இடங்கள் இருந்தால் அங்கே மக்கள் காலூன்றிவிட்டார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் ஊன்றிய கால்களுக்குக் கீழே இருந்த மண்ணின் கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், வேறு ஒருவர் பெயரில் இருந்தது.

கோட்ரஸில் இருந்தவருக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று பாருங்கள். அவர் உரிமையாளர் அல்ல, வாடகைக்காரர்கூட அல்ல. வேலை இருக்கும்வரை தங்க அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடித்தாலும் அது நிலத்தின்மீது எந்த உரிமையையும் தராது. அப்போதெல்லாம் அரசாங்க வேலையில் ஓய்வு வயது 55. அந்த வயதில் ஊதியமும் வீடும் ஒரே நேரத்தில் போகும். என் அப்பா ஓய்வு பெற்றபோது நான் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் நட்டு வளர்த்த முருங்கையிலிருந்து கடைசியாக ஒரு கட்டுக் கீரை ஒடித்து எடுத்துக்கொண்டார். அப்பா ஒவ்வொரு அறையாகப் போய்ச் சன்னல் கொக்கிகளைச் சரிபார்த்துவிட்டுச் சாவியை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். 27 ஆண்டு இருந்த வீடு. யாரும் எங்களை விரட்டவில்லை. யார்மீதும் கோபப்படவும் இடமில்லை. அப்படியொரு முறையில்தான் அந்த வாழ்க்கையே அமைந்திருந்தது. உங்கள் தாத்தாவும், கே.எல். சென்ட்ரல் என்ற பெயரே பிறப்பதற்கு முன்பே, இப்படித்தான் ஒரு நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அவருடைய ஓய்வு ஆண்டு தெரிந்தால் இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். என் கணிப்பு சரியென்றால், உங்கள் வீட்டை எடுத்தது கோபுரம் இல்லை. கோபுரம் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த வீடு உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது.

இனி கோபுரத்தின் கதை. 1992-இல் இரயில்வே நிறுவனமாக்கப்பட்டது. வண்டி ஓட்டும் வேலை கேடிஎம் பெர்ஹாட் என்ற நிறுவனத்துக்கும் நிலமும் பாதையும் இரயில்வே சொத்துக் கழகத்துக்கும் போயின. 1994-இல் எம்.ஆர்.சி.பி. என்ற கட்டுமான நிறுவனத்தின் தலைமையிலான கூட்டமைப்புக்கு அந்த யார்டு கொடுக்கப்பட்டது. 72 ஏக்கர். புதிய நிலையத்தைக் கட்டுவதும் அதைச் சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்துவதும் சேர்ந்த ஏற்பாடு. திட்ட வடிவமைப்பில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் பங்கு உண்டு. இடையில் 1997 நிதி நெருக்கடி வந்தது. ஆனாலும் நிலையம் 2001 ஏப்ரலில் திறந்தது. அடுத்த ஆண்டு விமான நிலைய விரைவு இரயில், 2003-இல் மோனோரயில், பிறகு ஹோட்டல்கள், 2014-இல் நூ சென்ட்ரல் பேரங்காடி. எண்ணெய், தொலைத்தொடர்பு, வங்கி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குடிவந்தன.

இதில் ஒரு மதிப்பீட்டாளன் முதலில் கவனிப்பது இரயிலையோ கட்டடத்தையோ அல்ல. நகரின் நடுவே, ஒரே சொந்தக்காரர் கையில், 72 ஏக்கர்! இது எங்கேயும் கிடைக்காது. மற்ற இடத்தில் அவ்வளவு நிலம் சேர்க்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிராண்ட்களைத் தனித்தனியாக வாங்கவேண்டும். ஒருவர் மறுப்பார், ஒருவர் இரட்டிப்பு விலை கேட்பார், ஒருவர் இறந்துபோய் வாரிசுகள் கோர்ட்டில் இருப்பார்கள். இங்கே அந்தத் தலைவலியே இல்லை. நிலம் ஏற்கெனவே அரசுப் பக்கம் இருந்ததால் 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைக் கையில் எடுக்கவேண்டிய தேவையும் எழவில்லை. அந்தச் சட்டத்தின்படி எடுத்திருந்தால்கூட உங்களுக்கு உதவியிருக்காது. இழப்பீடு கேட்கக்கூடியவர் யார் என்று சொல்லும் இடத்திலேயே, உரிமையாளர் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடக்கூடிய குடியிருப்பவரை அது பெயர் சொல்லி விலக்கி வைக்கிறது. நில விசாரணையில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் பெயர் பட்டியலிலேயே இருக்காது.

விலை எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் "அந்தக் காலத்துல சும்மா கிடந்த இடம்" என்று பலரும் சொல்வார்கள். நிலத்தின் விலை மண்ணில் இல்லை, அதன்மேல் எவ்வளவு கட்ட அனுமதி இருக்கிறது என்பதில் இருக்கிறது. நாங்கள் பிளாட் ரேஷியோ என்போம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ரேஷியோ ஒன்று என்றால் அவ்வளவு தளம்தான் கட்டலாம். எட்டு என்று வைத்துக்கொள்வோம், ஒரு கணக்குக்குத்தான். அப்போது அதே ஏக்கரில் 3,48,480 சதுர அடி. கட்டி முடித்தால் என்ன விலை போகும் என்று பார்த்து, அதிலிருந்து கட்டும் செலவையும் வட்டியையும் இலாபத்தையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நிலத்தின் விலை. இரயில் நிலையம் வாசலில் வந்து நின்றால் ரேஷியோவும் ஏறும், வாடகையும் ஏறும். ஆக உங்கள் தாத்தா காலத்தில் அந்த மண் மலிவு என்பதும் உண்மை, இன்று பொன் என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே நடந்தது ஒரு கோப்பில் போட்ட அனுமதி.

இப்போது சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் வாருங்கள். பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலை, இன்றைய ஜாலான் துன் சம்பந்தன். நகைக்கடை, பூக்கடை, துணிக்கடை, வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. இன்னும் பல இடங்களில் தாழ்ந்த கட்டடங்கள். 40 மாடிகளுக்கு எதிரே அவை எப்படித் தப்பின? பாரம்பரியம் என்று யாரோ காப்பாற்றினார்கள் என்று நினைக்காதீர்கள். தாய்மண்ணை விடமாட்டேன் என்று யாரும் மறியல் செய்யவும் இல்லை. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி கிராண்ட். இருபது அடி முகப்பு, தனித்தனி உரிமையாளர். சின்னச் சின்னத் துண்டுகளாக இருந்ததே அவற்றுக்குக் கவசம். கோவில்களும் விகாரைகளும் தேவாலயங்களும் அப்படித்தான். அறங்காவலர் பெயரில் ஆவணம் இருந்தவை நின்றன. அந்தக் கவசமும் முழுக் கவசம் இல்லை. 2014-இல் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி வரும் என்ற திட்டம் வெளியானபோது எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்பது பலருக்கு நினைவிருக்கும். ஆவணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு விற்கவும் உரிமை உண்டு, கட்டவும் உரிமை உண்டு.

அந்தக் கடைகளிலும் எல்லோரும் தப்பவில்லை. கட்டடம் நின்றது; உள்ளே இருந்த ஆள் மாறினார். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, பழைய வாடகையை உரிமையாளர் இஷ்டம்போல் ஏற்ற முடியாது. அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி முதல் சந்தை வாடகை. கே.எல். சென்ட்ரல் திறப்பதற்கு ஓர் ஆண்டுக்கு முன்! பினாங்கில் ஜார்ஜ்டவுன் காலியானதற்கு இதுவே காரணம் என்று எல்லோரும் பேசுவார்கள். தலைநகரில் இதைப் பேசுபவர்கள் குறைவு. ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு அரவை மில், ஒரு தையல்காரர் என்று சின்ன வருமானத்தில் ஓடிய தொழில்களால் ஆபீஸ் கூட்டத்தை நம்பி ஏறும் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாது. 2010 அக்டோபரில் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் அப்போதைய பிரதமர் நஜிப்பும் சேர்ந்து அந்தத் தெருவை லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்தார்கள். வளைவுகளும் வண்ண விளக்குகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் அந்த வட்டாரத்தில் பார்வையற்றோர் சங்கமும் பயிற்சி நிலையமும் இருப்பதால், கைத்தடியோடு நடக்கிறவர்கள் அங்கே அதிகம். அவர்களுக்கு ஒரு ஊர் என்பது காலடிக் கணக்கு. இந்தக் கம்பத்திலிருந்து பதினெட்டு அடி, பிறகு பள்ளம், பிறகு சாம்பிராணி வாசனை. ஒவ்வொரு முறை நடைபாதையை உடைத்துப் போடும்போதும் அவர்கள் ஊரை முதலிலிருந்து படிக்கவேண்டும். மதிப்பீட்டு அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. இருந்திருக்கவேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு, அவர்கள்தான் அதிகம் இழந்தவர்கள். கோட்ரஸும் இல்லாமல், கிராண்டும் இல்லாமல் ஆற்றங்கரையில் குடிசை போட்டவர்கள். ஓய்வு பெற்று கோட்ரஸை விட்டவர்களில் சிலரும் வேலையிடத்தை விட்டு விலக மனமில்லாமல் இந்தக் கரையில்தான் ஒதுங்கினார்கள். ஆற்றுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குக் கிராண்ட் வராது. வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான். 1971 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தி நேராக்கும் வேலைகள் நடந்தன. வெள்ளம் தணியத் தணியக் கரை நிலத்தின் மதிப்பு ஏறியது, குடிசைகள் கண்ணில் உறுத்தத் தொடங்கின. எத்தனை ஆண்டு இருந்தாலும், தண்ணீரும் மின்சாரமும் கொடுத்திருந்தாலும், அனுமதியில்லாமல் குடியேறியவருக்குச் சட்டத்திலோ நியாயத்திலோ உரிமை இல்லை என்று 1982-இல் கூட்டரசு நீதிமன்றம் பேராக் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அதன் பிறகு பேரம் பேச அவர்களிடம் மிஞ்சியது அதிகாரிகளின் அனுதாபம் மட்டுமே. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆற்றோடு கொஞ்சம் கீழே போனால் கம்போங் அப்துல்லா ஹுக்கும் இருந்தது. சுமத்ராவின் கெரிஞ்சியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஒருவர் பெயரில் அமைந்த கம்பம், அதாவது கிராமம். இன்று அங்கே கே.எல். ஈக்கோ சிட்டி என்ற கோபுர வளாகம் நிற்கிறது. பழைய பெயர் இரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. எதிரே மிட் வேலி பேரங்காடி. ஆகவே சிலர் நினைப்பதுபோல் இது தமிழருக்கு மட்டும் நடந்ததல்ல. மலாய்க்காரக் கம்பத்துக்கும் இதே கதிதான்.

தமிழர்களை அப்புறப்படுத்தவே இந்தத் திட்டம் போடப்பட்டது என்று சிலர் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆவணமில்லாத எவரும் எதிர்ப்பில்லாமல் நகர்த்தப்படக்கூடியவர், அங்கே ஆவணமில்லாதவர்களில் நம்மவர்கள் அதிகம். இவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். எது நியாயம் என்று கேட்டால் அது வேறு கேள்வி, அதற்கு என் கருத்தைத்தான் சொல்லமுடியும். ஒரு தலைமுறைக்கு மேல் ஓர் இடத்தை இயக்கிய தொழிலாளர் குடும்பங்களுக்கு, அந்த இடம் விலையேறும்போது பக்கத்தில் மலிவு விலை வீடு வாங்க முன்னுரிமை தரவேண்டும் என்ற கடமையை எந்தச் சட்டமும் யார்மீதும் சுமத்தவில்லை. சுமத்தியிருக்க வேண்டும்.

இதை அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்ட ஒருவர் பெயரைத்தான் அந்தச் சாலை தாங்கி நிற்கிறது. 1950-களின் இறுதியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. கட்சித் தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். கிராணி கையில் கொடுத்த அந்தப் பத்து வெள்ளி, ஒரு கிராண்டின் விலை. நகரத்து கோட்ரஸ்காரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் அமையவில்லை. சம்பளம் நிலையானது, பென்ஷன் உண்டு, எனவே அவசரம் தெரியவில்லை. என் அப்பாவுக்கும் தெரியவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. இழப்பீடு கேட்டு வழக்கறிஞருக்குப் பணம் கட்டாதீர்கள், அது வீண். ஆனால் வீடு எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். அம்மாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மருத்துவச்சி வீட்டில் வந்து பார்த்த பிரசவமென்றால் பிறந்த இடம் என்ற இடத்தில் கோட்ரஸ் எண்ணோ சாலைப் பெயரோ இருக்க வாய்ப்புண்டு. தாத்தாவின் பென்ஷன் காகிதங்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். சாலைப் பெயர் கிடைத்தால், ஜூப்பெம் எனப்படும் நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தில் லாட் எண்ணை, அதாவது அந்த நிலத்துண்டின் எண்ணைத் தேடலாம். லாட் எண் கிடைத்தால் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி எவரும் சாரியான் பெர்சென்டிரியான் எனப்படும் தனிநபர் நிலத் தேடல் செய்யலாம். இன்று அந்தத் துண்டு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரே தாளில் வந்துவிடும். கோட்ரஸ் பற்றிய பழைய சிலாங்கூர் அரசுக் கோப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பிக்கலாம், அங்கே உதவுவார்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை. அந்த வட்டாரத்துக் கோட்ரஸ் எல்லாம் யார்டுக்குள் இருந்தவை அல்ல. ரோசாரியோ சாலை, சான் ஆ தோங் சாலைப் பக்கமும் வரிசை வரிசையாக இருந்தன. எனவே உங்கள் ஆபீஸின் நேர் கீழேதான் வீடு இருந்தது என்பது அம்மாவின் ஞாபகம். தாள் வேறு இடத்தைக் காட்டலாம்.

அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து வாருங்கள். நூ சென்ட்ரல் பக்கம் போகாமல், துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்தில் இறங்கி ஜாலான் தெபிங் பக்கமாக நடங்கள். தெபிங் என்றால் கரை. ஆறு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்தி, யார்டு எந்தப் பக்கம் இருந்தது, வண்டிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று கேளுங்கள். அவர் கை நீட்டிக் காட்டும் திசையைக் குறித்துக்கொண்டு, கிடைத்த சாலைப் பெயரோடு இங்கே எழுதுங்கள். வரைபடத்தில் லாட்டைத் தேடுவதற்கு நான் உதவுகிறேன்.